சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை: இ-மெயிலில் வந்த ஆஃபரை நீங்களே சோதிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்று, ஒரு வேலைவாய்ப்பு வெப்சைட்டில் பயோடேட்டாவைப் பதிவு செய்து விட்டீர்களா? சில நாட்களிலேயே உங்கள் இன்பாக்ஸில் வெளிநாட்டு வேலை மெயில்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றில் அடிக்கடி வருவது, "சீனாவில் ஆங்கிலம் கற்றுத்தர ஆசிரியர்கள் தேவை, தங்குமிடமும் விமான டிக்கெட்டும் இலவசம்" என்பது.

இதில் உண்மையான வேலைகளும் உண்டு, முழு மோசடியும் உண்டு. இவற்றுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. பள்ளி நிஜமாகவே இருக்கும், சம்பளமும் தருவார்கள், ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்ப்பது சட்டப்படி குற்றமாக இருக்கும். மூன்றையும் பிரித்தறிய ஒரு பிரவுசரும் எக்செலும் போதும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

நான் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர். கடந்த சில மாதங்களில் இரண்டு பேருக்காக இப்படிச் சோதிக்க வேண்டியிருந்தது. ஒருவர் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் 6 வருடமாக வேலை பார்க்கிறார். இந்திய பாஸ்போர்ட். இன்னொருவர் டொராண்டோவில் பிறந்து வளர்ந்த என் சித்தப்பா மகள். கனடா பாஸ்போர்ட். இருவருக்கும் வந்த ஆஃபர்களையே உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன்.

படி 1: முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

மெயிலை ஆராய்வதற்கு முன் சீனாவின் விதியைத் தெரிந்து கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் முதல் சீனா முழுவதும் வெளிநாட்டவருக்கு ஒரே வகையான வேலை அனுமதி முறை நடைமுறையில் உள்ளது. அதன்படி, மொழி ஆசிரியராக வருபவர் தன் தாய்மொழியைக் கற்பிப்பவராக இருக்க வேண்டும். பட்டப்படிப்பும், 2 ஆண்டு மொழி கற்பித்த அனுபவமும் தேவை. கல்வியியல் அல்லது மொழிப் பட்டம், சொந்த நாட்டின் ஆசிரியர் தகுதிச் சான்று, டெஃபல் போன்ற சர்வதேசச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அனுபவத்துக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழும் வேண்டும்.

"ஆங்கிலம் தாய்மொழி" என்பதை நடைமுறையில் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகள் இந்தப் பட்டியலில் வருகின்றன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா இதில் இல்லை. நம் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த விதி மாறாது.

எனவே இந்திய பாஸ்போர்ட் உள்ளவருக்கு "ஆங்கில ஆசிரியர்" என்று ஆஃபர் வந்தால், முதல் கேள்வியே "எந்த விசாவில் அழைக்கிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்க வேண்டும். அதே சமயம், கணிதம், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற பாடங்களை ஆங்கில வழியில் நடத்தும் சர்வதேசப் பள்ளி வேலைக்குத் தாய்மொழி நிபந்தனை பொருந்தாது. அங்கே பட்டமும், அந்தத் துறையில் குறைந்தது 2 ஆண்டு அனுபவமும் பார்க்கிறார்கள்.

படி 2: விசாவின் எழுத்தைப் பாருங்கள்

சீன விசாக்களுக்கு ஒவ்வோர் எழுத்து உண்டு. வேலைக்கு உரியது இஸட் விசா. எல் என்பது சுற்றுலா, எம் என்பது வியாபாரம், எஃப் என்பது பரிமாற்றப் பயணம், எக்ஸ் என்பது படிப்பு.

முறையான வழி இதுதான். பள்ளியே சீன அரசிடம் விண்ணப்பித்து, "வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம்" வாங்கி உங்களுக்கு அனுப்பும். அதைக் காட்டி உங்கள் நாட்டில் இஸட் விசா வாங்குவீர்கள். சீனா சென்ற 15 நாட்களுக்குள் பள்ளி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும். 30 நாட்களுக்குள் நீங்கள் போலீஸ் துறையில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

"முதலில் எம் விசாவில் வாருங்கள், இங்கே வந்ததும் மாற்றித் தருகிறோம்" என்றால் அதை ஏற்காதீர்கள். மாற்றம் கிடைக்கும் வரை நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு வகுப்பும் சட்டவிரோத வேலை. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீனக் குடிவரவுச் சட்டத்தின்படி இதற்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் உண்டு. நிலைமை மோசம் என்றால் கூடவே 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. நாட்டை விட்டு அனுப்பப்பட்டால் 1 முதல் 5 ஆண்டுகள் வரை திரும்ப நுழைய முடியாது. ஒரு பள்ளியின் பெயரில் அனுமதி வாங்கிவிட்டு வேறு பள்ளியில் வகுப்பு எடுப்பதும் இதே குற்றம்தான்.

இன்னொரு குறிப்பு. வேலை அனுமதி என்பது சீனா சென்ற பிறகே கிடைப்பது. நீங்கள் இங்கே இருக்கும்போதே "உங்கள் வேலை அனுமதி அட்டை தயார்" என்று ஒரு பிளாஸ்டிக் அட்டையின் ஸ்கேன் காப்பி வந்தால் அது பொய். 2024 டிசம்பர் 1 முதல் தனி அட்டையே கிடையாது. சமூகப் பாதுகாப்பு அட்டையுடன் இணைத்து விட்டார்கள்.

படி 3: அட்டாச்மென்ட்டைத் திறக்கும் முன்

ஆஃபர் லெட்டர் எப்போதும் அட்டாச்மென்ட்டாகத்தான் வரும். அதை டபுள் கிளிக் செய்வதற்கு முன், ஃபைலின் முழுப் பெயரும் தெரியும்படி விண்டோஸை அமைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே உள்ள வியூ மெனுவில் ஷோ என்பதற்குச் சென்று, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள்.

இப்போது ஃபைலின் பெயர் எதில் முடிகிறது என்று பாருங்கள். பிடிஎஃப் என்று முடிந்தால் பரவாயில்லை. "ஆஃபர் லெட்டர்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்று இருந்தால் அது கடிதமல்ல, உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கக் காத்திருக்கும் ஒரு புரோகிராம். உடனே டெலீட் செய்யுங்கள். பாஸ்வேர்ட் போட்ட ஜிப் ஃபைலையும் திறக்காதீர்கள். ஆன்டிவைரஸால் அதன் உள்ளே பார்க்க முடியாது என்பதற்காகவே அப்படி அனுப்புகிறார்கள்.

படி 4: மெயில் யாரிடமிருந்து வந்தது?

மெயிலில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளலாம். பெயருக்குப் பக்கத்தில் உள்ள முகவரியில், அட் குறிக்குப் பிறகு வருவதுதான் முக்கியம். அதற்கு டொமைன் என்று பெயர்.

ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து, ஷோ ஒரிஜினல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிஎம்ஏஆர்சி என்று மூன்று வரிகள் தெரியும். மூன்றிலும் பாஸ் என்று இருந்தால், மெயில் அந்த டொமைனிலிருந்தே வந்தது என்று பொருள். ஃபெயில் என்று இருந்தால் வேறு யாரோ அந்தப் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கலாம்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. பாஸ் என்பது டொமைனுக்குக் கிடைத்த மார்க், நேர்மைக்குக் கிடைத்ததல்ல. மோசடிக்காரர் தானே ஒரு டொமைனை வாங்கி அதிலிருந்து அனுப்பினாலும் பாஸ் என்றுதான் வரும். அதனால் டொமைனின் வயதையும் பார்க்க வேண்டும். ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்துக்குச் சென்று டொமைன் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கிரியேட்டட் என்ற வரியில் அது பதிவான தேதி இருக்கும். சிஎன் என்று முடியும் சீன டொமைன்களுக்கு, சிஎன்என்ஐசி என்ற சீன அமைப்பின் பக்கத்தில் பாருங்கள்.

அக்காவுக்கு வந்த கடிதத்தில் "15 ஆண்டுகளாகச் செயல்படும் கல்விக் குழுமம்" என்று இருந்தது. அதன் டொமைன் பதிவாகி 19 நாட்களே ஆகியிருந்தன.

படி 5: பள்ளியின் 18 இலக்க எண்ணைக் கேளுங்கள்

எல்லாவற்றிலும் பயனுள்ள சோதனை இது. நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. சீனாவில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும், பள்ளிக்கும் 18 இலக்கம் கொண்ட ஒருங்கிணைந்த பதிவு எண் உண்டு. 2015 அக்டோபரில் தொடங்கிய முறை இது. மெயிலில் பதில் எழுதி, பள்ளியின் சீன மொழிப் பெயரையும் இந்த எண்ணையும் கேளுங்கள். உண்மையான பள்ளி தயங்காமல் தரும். எண் வந்ததும் இப்படிப் படியுங்கள்.

முதல் இரண்டு இலக்கம்: 91 என்றால் கம்பெனி. 52 என்றால் தனியார் பள்ளி போன்ற லாப நோக்கமற்ற அமைப்பு. 12 என்றால் அரசுப் பள்ளி, பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனம். "நாங்கள் அரசுப் பள்ளி" என்று சொல்பவரின் எண் 91-ல் தொடங்கினால் அவர் இடைத்தரகராக இருக்கலாம்.

மூன்றாவது, நான்காவது இலக்கம்: பதிவான மாகாணம். 11 பெய்ஜிங், 31 ஷாங்காய், 32 ஜியாங்சு, 44 குவாங்டாங், 51 சிச்சுவான். வேலை செங்டுவில் என்று சொல்லிவிட்டு எண்ணில் 44 இருந்தால் காரணம் கேளுங்கள். தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கலாம். ஆனால் உங்களுக்கு அனுமதி வாங்கப் போவது யார் என்பது தெளிவாக வேண்டும்.

எழுத்துகள்: இந்த எண்ணில் ஆங்கில எழுத்துகளும் வரும். ஆனால் ஐ, ஓ, எஸ், வி, இஸட் ஆகிய ஐந்தும் வரவே வராது. 1, 0, 5 போன்ற இலக்கங்களுடன் குழம்பக் கூடாது என்பதால் சில எழுத்துகளைத் தவிர்த்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே அது போலி எண்.

பிறகு சீன அரசின் நிறுவனத் தகவல் வெளியீட்டு வெப்சைட்டில் 91-ல் தொடங்கும் எண்ணைக் கொடுத்துத் தேடலாம். பக்கம் சீன மொழியில் இருக்கும். குரோம் பிரவுசரில் பக்கத்தின் மீது ரைட் கிளிக் செய்து, டிரான்ஸ்லேட் என்பதைக் கொடுத்தால் ஆங்கிலத்தில் படிக்கலாம். நிறுவனத்தின் தொழில் வகை என்ன என்று பாருங்கள். ஃபர்னிச்சர் விற்கப் பதிவான கம்பெனி ஆசிரியரைக் கூப்பிடுவதில் அர்த்தமில்லை.

படி 6: படமும் வாசகமும்

மெயிலில் வந்த பள்ளிக் கட்டிடப் படத்தை கூகுள் லென்ஸில் ஏற்றிப் பாருங்கள். அதே படம் வேறு நாட்டுக் கல்லூரியின் பெயரில் வந்தால் விஷயம் முடிந்தது. கடிதத்தில் உள்ள ஒரு நீண்ட வாக்கியத்தை காப்பி செய்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். அதே வாக்கியம் பல பள்ளிகளின் பெயரில் வந்தால் அது அச்சடித்த தூண்டில். வீடியோ இன்டர்வியூவிலும், வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள், அங்கே ஏற்கனவே வேலை பார்க்கும் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரிடம் பேசக் கேளுங்கள்.

படி 7: வீட்டிலிருந்தே ஆன்லைன் வகுப்பு?

"சீனாவுக்கு வரவே வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டரிலேயே சீனக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுத் தரலாம்" என்ற மெயில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை எளிதில் ஈர்க்கும். 2021 வரை இது பெரிய தொழிலாகவே இருந்தது. 2021 ஜூலையில் சீன அரசு "இரட்டைக் குறைப்பு" என்ற கொள்கையைக் கொண்டு வந்து, வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வைத்துப் பயிற்சி நடத்தத் தடை விதித்தது. பள்ளிப் பாட டியூஷன் கம்பெனிகள் லாப நோக்கில் நடப்பதும் தடுக்கப்பட்டது. அடுத்த மாதமே விஐபிகிட் என்ற பெரிய நிறுவனம் இத்தகைய புதிய வகுப்புகளை விற்பதை நிறுத்தியது. ஆகவே, இன்றும் "சீனக் குழந்தைகளுக்கு ஆன்லைன் வகுப்பு, முன்பணம் கட்டிச் சேருங்கள்" என்று யாராவது அழைத்தால் விலகி நில்லுங்கள்.

படி 8: எக்செலில் ஒப்பிடுங்கள்

இதுவரை உள்ள சோதனைகளில் தேறிய ஆஃபர்களை மட்டும் எக்செலில் போடுங்கள். என் தங்கைக்கு மூன்று ஆஃபர்கள் வந்தன. ஒன்று எம் விசாவில் வரச் சொன்னதால் படி 2-லேயே கழன்றது. மீதி இரண்டு: ஒரு சிறு நகரத்து அரசுப் பள்ளி, மாதம் 13,000 யுவான். ஷாங்காயில் பெரியவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சி மையம், மாதம் 20,000 யுவான். "இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணா? 20,000-தானே பெரிசு?" என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

ஏ என்ற பத்தியில் தலைப்புகளையும், பி-யில் அரசுப் பள்ளியையும், சி-யில் பயிற்சி மையத்தையும் டைப் செய்யுங்கள்.

வரிசை 2, மாதச் சம்பளம்: 13,000, 20,000.
வரிசை 3, சம்பளம் தரும் மாதங்கள்: 10, 12.
வரிசை 4, ஆண்டுச் சம்பளம்: 1,30,000, 2,40,000.
வரிசை 5, வருமான வரி: 4,480, 19,080.
வரிசை 6, ஆண்டு வாடகை: 0, 54,000.
வரிசை 7, விமான டிக்கெட் உதவி: 8,000, 0.
வரிசை 8, கையில் நிற்பது: 1,33,520, 1,66,920.
வரிசை 9, வாரத்துக்கு வேலை நேரம்: 20, 40.
வரிசை 10, வேலை வாரங்கள்: 40, 48.
வரிசை 11, மொத்த மணி: 800, 1,920.
வரிசை 12, ஒரு மணிக்கு: 166.90, 86.94.

வரிசை 4-க்கு பி4 கட்டத்தில் =பி2*பி3 என்றும், பி8-ல் =பி4-பி5-பி6+பி7 என்றும், பி11-ல் =பி9*பி10 என்றும், பி12-ல் =பி8/பி11 என்றும் டைப் செய்யுங்கள். கட்டத்தின் எழுத்தை ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு ஃபார்முலா கட்டத்தின் வலது கீழ் மூலையையும் மவுஸால் பிடித்து சி பத்திக்கு இழுத்தால் அங்கேயும் கணக்கு வந்துவிடும்.

வரி எப்படி வந்தது? ஓர் ஆண்டில் 183 நாட்களாவது அங்கே தங்குபவருக்கு, ஆண்டு வருமானத்தில் 60,000 யுவான் கழிவு உண்டு. மீதியில் முதல் 36,000-க்கு 3 சதவீதம், அடுத்து 1,44,000 வரை 10 சதவீதம், அதற்கு மேல் 3,00,000 வரை 20 சதவீதம். இது தோராயம்தான். சமூகக் காப்பீட்டுப் பிடித்தத்தை ஒப்பந்தத்தைப் பார்த்துத் தனி வரிசையாகச் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வரிசை 8-ஐயும் 11-ஐயும் சேர்த்துப் பாருங்கள். பயிற்சி மையத்தில் ஆண்டுக்கு 33,400 யுவான் கூடுதலாக நிற்கிறது. அதற்காக 1,120 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். அதாவது கூடுதல் மணி ஒன்றுக்கு 30 யுவானுக்கும் குறைவு. ஆனால் அரசுப் பள்ளியில் 2 மாதம் சம்பளம் இல்லை என்பதால் அந்த மாதச் செலவுக்குச் சேர்த்து வைக்க வேண்டும். கடன் அடைக்கப் போகிறவருக்கு மொத்தத் தொகை முக்கியம். மொழி படிக்கவும் ஊர் பார்க்கவும் போகிறவருக்கு நேரம் முக்கியம். எக்செல் முடிவு எடுக்காது. எதை எதற்காக விட்டுக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்டும். தங்கை அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாள்.

படி 9: ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை

ஒப்பந்தத்தின் சீனப் பிரதி, ஆங்கிலப் பிரதி இரண்டையும் கேளுங்கள். தகராறு வந்தால் எந்தப் பிரதி செல்லும் என்று எழுதியிருக்கும். சீனப் பிரதியை டிரான்ஸ்லேட் செய்து, குறைந்தபட்சம் எண்களையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு கன்ட்ரோல், எஃப் கீகளை அழுத்தி இவற்றைத் தேடுங்கள்: பாதியில் விலகினால் அபராதம் எவ்வளவு? வாரத்துக்கு எத்தனை மணி, அதில் வகுப்பு எவ்வளவு? வேலை பார்க்கும் முகவரி எது? விடுமுறையில் சம்பளம் உண்டா? விலகும்போது வேலை அனுமதி ரத்துச் சான்றும் விடுவிப்புக் கடிதமும் தருவார்களா? இவை இல்லாமல் சீனாவில் வேறு பள்ளிக்கு மாறுவது மிகக் கடினம். "பாஸ்போர்ட்டை நாங்கள் வைத்துக் கொள்வோம்" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 நவம்பர் 7 முதல் சீனா அப்போஸ்டில் முறையை ஏற்கிறது. ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது பொருந்தாது. இந்தியச் சான்றிதழ்கள் வெளியுறவு அமைச்சகச் சான்றுக்குப் பின் சீனத் தூதரகச் சான்றும் பெற வேண்டும். "அப்போஸ்டில் மட்டும் போதும், பணம் கட்டுங்கள்" என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள்.

பணம் கேட்டால்?

அக்காவுக்கு வந்த மெயில் மாதம் 28,000 யுவான் சம்பளம் என்றது. விசா கட்டணமாக 65,000 ரூபாயை 48 மணி நேரத்தில் ஒரு தனிநபர் அக்கவுன்ட்டுக்கு அனுப்பச் சொன்னது. "2 நாள்ல கட்டலேன்னா இடம் வேற ஆளுக்குப் போயிடுமாம் தம்பி. நகையை வெச்சுக் கட்டிடட்டுமா?" என்று கேட்டார். பள்ளியின் 18 இலக்க எண்ணைக் கேட்டு ஒரு பதில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அதன்பின் அங்கிருந்து எந்த மெயிலும் வரவில்லை. நகை வீட்டிலேயே இருக்கிறது.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் வெப்சைட்டில் ஏஜென்ட்டின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இன்னொன்று, வேலை சீனாவில் என்று சொல்லிவிட்டு டிக்கெட்டை பாங்காக்குக்கோ நாம்பென்னுக்கோ போட்டால் விமானம் ஏறாதீர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டது நினைவிருக்கும்.

ஏற்கனவே பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு போன் செய்து, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். மெயிலை டெலீட் செய்யாதீர்கள், அதுதான் சாட்சி.

சுருக்கமாக ஒரு செக்-லிஸ்ட்

* என் பாஸ்போர்ட்டுக்கு இந்த வேலை சட்டப்படி கிடைக்குமா?
* இஸட் விசாவா, வேறு எழுத்தா?
* ஃபைலின் பெயர் எதில் முடிகிறது?
* டொமைனின் வயது என்ன?
* 18 இலக்க எண் சரியா, ஊரும் வகையும் பொருந்துகிறதா?
* படமும் வாசகமும் வேறெங்காவது வருகிறதா?
* மணிக் கணக்கில் சம்பளம் எவ்வளவு?
* ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளும் ஒத்துப் போகின்றனவா?
* யார், எந்த அக்கவுன்ட்டில் பணம் கேட்கிறார்கள்?

இந்தப் பட்டியலை ஒரு பக்கம் பிரின்ட் எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு ஆஃபரைச் சோதிக்க ஒரு மாலைப் பொழுது போதும். நல்ல பள்ளி அதுவரை காத்திருக்கும்.